பச்சையாகவே எரிந்த விராலி

பச்சைச் செடி எரியும் என்று அந்தப் போகி வரைக்கும் எனக்குத் தெரியாது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஊர் பனிக்குள் இருந்தது. பனி எது, போகிப் புகை எது என்று பிரிக்க முடியவில்லை. தெருவில் பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் காதில் விழுந்தது, தட்டுகிற கை தெரியவில்லை. தூக்கக் கண்ணில் எல்லாமே கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டுப் பக்கச் சந்தில் ஒரு வெளிச்சம். அம்மா பழைய கோரைப் பாயையும் துடைப்பத்தையும் செங்கல் நடுவில் வைத்துக் கொளுத்தியிருந்தாள். பக்கத்திலேயே என் மனைவி சுகுணாவின் விராலிச் செடி. என் தோளுக்கு மேல் வளர்ந்து, இலையெல்லாம் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கிக்கொண்டு நின்றது.

பாயிலிருந்து ஒரு பொறி எழும்பியது. அவசரமே இல்லாமல், இடம் பார்த்து உட்காருகிற பூச்சி மாதிரிப் போய் இலையில் உட்கார்ந்தது.

அடுத்த நொடி செடி முழுவதும் நெருப்பு. படபடவென்று கடுகு வெடிக்கிற சத்தம். மருந்துக்கடையில் நுழைந்ததுபோல ஒரு வாசனை. அந்த வெளிச்சத்தில் எதிர்ச் சுவர், அம்மாவின் முகம், வாசற்படியில் வாளியோடு நின்ற சுகுணாவின் முகம் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கணம் எழுந்து அடங்கின. நான் கனவு காண்கிறேன் என்றே நினைத்தேன். அழகாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

சுகுணா தண்ணீரை ஊற்றியபோது எரிய இலை மிச்சமில்லை. கறுத்த குச்சிகள் நின்றன.

"பச்ச செடி எரியும்னு யாருக்குடி தெரியும்?" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது.

"நான் சொன்னேன் அத்த. தள்ளி வைங்கன்னு சொன்னேன்" என்றாள் சுகுணா. வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கட்டில் அகல மண்

போன வாரம் கம்பெனி பஸ்ஸைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, "பஸ்ஸு, கேட்டு, வாட்ச்மேன் எல்லாம் வந்தாச்சு. என் செடி மட்டும் வரல" என்று சுகுணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால்தான் இந்த வாரம் இது.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை போகும் வழியில், உள்ளே தள்ளி ஒரு காலனியில் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்த எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது எல்லோர் கழுத்திலும் ஒரு கம்பெனி அட்டை தொங்குகிறது. வீட்டை ஒட்டி ஒரு துண்டு மண் மிச்சமிருந்தால் அதில் ரூம் கட்டி, வடக்கிலிருந்து வந்த பையன்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் ஒரு ஜன்னலில் சாம்பார் வாசனையும் அடுத்த ஜன்னலில் கடுகெண்ணெய் வாசனையும் வரும்.

எங்களுக்கும் அப்படி ஒரு துண்டு இருந்தது. பக்கவாட்டுக் கதவைத் திறந்தால், இரண்டு கட்டில் போடும் அகலத்துக்கு மண். அதற்கப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர்.

அந்த மண்ணில் ரூம் கட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆசை என்று சொல்லக் கூடாது, கணக்கு. அப்பா போன பிறகு அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கப் போனாள். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை. நான் பாலிடெக்னிக் முடித்ததே அந்த நிற்பினால்தான். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அதற்கு அம்மாவின் முட்டிகள் இரண்டும் செலவாகிவிட்டன. "அந்த ரூம்ல ரெண்டு பேர உட்டா நான் கேன்டீனுக்குப் போறத நிறுத்திடுவேன் நைனா" என்பாள். மகனைக் கொஞ்சும்போது மட்டும் அவளுக்கு நான் நைனா.

சுகுணா ஆந்திரா பார்டருக்கு அந்தப் பக்கம், மலையடிவார ஊர்க்காரி. பாதித் தெலுங்கு. ஆச்சரியம் வந்துவிட்டால் "அவுனா" என்று தெலுங்கில்தான் வாய் திறக்கும். அவளுடைய அம்மா வீட்டில் கொல்லைக் கதவைத் திறந்தால் மலை நிற்கும். கல்யாணமாகி வந்த மறுநாள் இங்கே பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். எதிரே சிமெண்ட் பூசாத சுவர். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமே பாக்குற?" என்று அம்மா கேட்டாள்.

"கதவத் தொறந்தா எதுனா ஒண்ணு உசுரோட என்னப் பாக்கணும் அத்த. இல்லன்னா எனக்கு விடிஞ்ச மாதிரியே இருக்காது."

அம்மா சிரித்தாள். ரோஜா வைத்துப் பார்த்தாயிற்று, மல்லி வைத்துப் பார்த்தாயிற்று, கறிவேப்பிலைகூட நிற்கவில்லை. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். முருங்கை வரும், ஆனால் காற்றில் ஒடிந்து ஷீட் மேல் விழும் என்று அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"சரி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ" என்றாள் அம்மா. "சித்திர வெயில்ல எது இங்க பச்சையா நிக்குதோ, அத நீயே வெச்சுக்கோ, நான் கை வைக்க மாட்டேன். நிக்கலன்னா ரூமு."

"சத்தியமா?"

"ஒரு தபா சொன்னா சொன்னதுதான்."

பயறும் கஞ்சியும்

அடுத்த முறை தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தபோது சுகுணா ஒரு பிஸ்கட் கவரில் எதையோ கொண்டுவந்தாள். காகிதம்போல மெல்லிசான, இறக்கை வைத்த செம்பழுப்புக் காய்கள். உலுக்கினால் உள்ளே கறுப்பு விதை சலசலத்தது.

"பந்தாரு. எங்க மலை பூரா இதான். யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்க. ஆடுகூடத் தின்னாது" என்றாள். தமிழில் அது விராலி என்று நான் போனில் தேடிக் கண்டுபிடித்தேன்.

அதற்குப் பிறகு என் படிப்பு உள்ளே புகுந்தது. வீடியோ பார்த்தேன். தேங்காய் நார்த்தூள் வாங்கினேன். பழைய பிளாஸ்டிக் டிரேயில் ஓட்டை போட்டு, மண் சலித்து, விதையைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, விரலால் குழி போட்டு ஊன்றினேன். ஷிப்டுக்குப் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. டிரேயில் எறும்பு வந்தது, பாசி வந்தது. விதை மட்டும் அசையவில்லை.

எனக்கும் முளைப்புக்கும் பழைய பகை உண்டு. ஆரம்பப் பள்ளியில் ஈரத் துணியில் பயறு கட்டி முளைக்க வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். ராத்திரி பயறை ஊறப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் அது தாளித்த சுண்டலாகத் தட்டில் இருந்தது.

"ஊற வெச்ச பயற யார்னா சும்மா உடுவாங்களாடா?" என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் பயறை வீட்டுப்பாடமாகவும் கொடுப்பார்கள் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கே அன்றுதான் தெரியும். எல்லோரும் முளை கொண்டுபோனார்கள், நான் டிபன் பாக்ஸில் சுண்டல் கொண்டுபோனேன். டீச்சர் கொஞ்சம் எடுத்துத் தின்றுவிட்டு என்னை உட்காரச் சொன்னார்கள்.

விராலி விஷயத்திலும் அம்மாதான் குறுக்கே வந்தாள்.

ஒரு நாள் கேன்டீனுக்கு நேரமாகிவிட்டது. அம்மா பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சோற்றுப் பானையைச் சாய்த்து, எப்போதும்போலக் கஞ்சியை வெளியே வடித்தாள். சுகுணா டிரேயை வெயில் படட்டும் என்று அதே இடத்துக்கு நகர்த்தி வைத்திருந்தாள். கொதிக்கக் கொதிக்க அத்தனை கஞ்சியும் விதை மேல்.

டிரேயிலிருந்து ஆவி எழுந்தது. சுகுணா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாக்கலடி. சத்தியமாப் பாக்கல" என்றாள் அம்மா.

சுகுணா நம்பவில்லை. ரூம் வேண்டும் என்கிற பொம்பளை, டிரேயைப் பார்க்காமலா கஞ்சி வடிப்பாள்? வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மாவுக்குத் தட்டு வைக்கும்போது தட்டு தரையில் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டது. "பேஜாரா கீதுடா உங்க ஊட்டுல" என்று அம்மா என்னிடம் முனகினாள். அவளே கட்டிய வீடு, அன்றைக்கு என்னுடைய வீடாகிவிட்டது.

சில வாரம் போயிருக்கும். குப்பையில் போடலாம் என்று டிரேயை எடுத்த சுகுணா அப்படியே நின்றுவிட்டாள். கஞ்சி காய்ந்து அப்பளம்போல வெடித்திருந்தது. அந்த வெடிப்புக்குள்ளிருந்து பச்சைப் பச்சையாக, ஊசிமுனை மாதிரி.

"அவுனா..." என்றாள்.

அந்த விதையின் ஓடு கல் மாதிரி, சூடு பட்டால்தான் வழிவிடும், காட்டில் தீ வந்துபோன பிறகுதான் கூட்டமாக முளைக்கும் என்றெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்குப் படிப்பு இருந்தது, அம்மாவுக்கு அவசரம் இருந்தது. விதைக்கு அவசரம்தான் பிடித்திருந்தது.

அம்மாவோ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "என் கஞ்சி குடிச்சு வளந்த புள்ள அது!"

பிசுபிசுப்பு

முளைத்ததில் வலுவான ஒன்றைச் சுகுணா மண்ணில் நட்டாள். முதல் சில மாதம்தான் தண்ணீர் கேட்டது. அப்புறம் எங்களை மறந்துவிட்டு அது பாட்டுக்கு வளர்ந்தது.

விராலி இலையைத் தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டும். எங்கள் பக்கக் காற்றில் எப்போதும் ஒரு கறுப்புத் தூள் உண்டு. துவைத்துக் காயப்போட்ட சட்டையில் உட்காரும், தயிரில் உட்காரும். செடி வந்த பிறகு அந்தத் தூள் இலையில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலத்தில் சுகுணா ஈரத் துணியால் இலையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். துணி கறுக்கும், இலை திரும்ப மினுங்கும். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல இருக்கும். நான் ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டியவன், சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எத்தனை தடவை ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்திருக்கிறேன்.

சித்திரை வந்தது. அக்னி நட்சத்திரத்தில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. தெருவில் வேப்பமரம்கூடக் களைத்து நின்றது. விராலி பச்சையாக நின்றது.

அம்மா ஒரு மத்தியானம் அதன் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்று, தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். "நின்னுட்டியே" என்றாள் செடியிடம். ரூம் பேச்சை அன்றோடு விட்டாள். மறுநாளும் கேன்டீனுக்குப் போனாள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் அம்மா வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் தைல வாசனை வீடு முழுக்கப் பரவும். ஒரு பக்கம் தைலம், ஒரு பக்கம் விராலி. நடுவில் நான். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

சுகுணாவுக்கும் அந்த வாசனை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் விராலி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, அம்மாவின் முட்டியில் வைத்துக் கட்டினாள். அவளுடைய ஊரில் வீக்கத்துக்கு அப்படித்தான் செய்வார்களாம்.

"பிசுபிசுன்னு கீது."

"கொஞ்ச நேரம் வெச்சுக்கங்க அத்த."

மறுநாள் நான் கேட்டேன்: "வலி போச்சாம்மா?"

"வலி எங்கடா போவும், அது சொந்தக்காரன் மாதிரி. ஆனா அந்தச் சூடு நல்லா கீது."

அப்போதுதான் சுகுணா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "மழயில வெறகு நனஞ்சிட்டா எங்க ஊர்ல இதத்தான் ஒடிச்சு அடுப்புல வைப்போம். பச்சையாவே புடிச்சிக்கும்." அம்மா "ம்" என்றாள். நானும் "ம்" என்றேன். யார் காதிலும் ஏறவில்லை.

ஐப்பசி மழை முடிந்து பனி தொடங்கியதும் செடி காய்த்தது. அதே காகிதக் காய்கள். காற்று வந்தால் செடி முழுக்க மெதுவாகச் சலசலக்கும். பகல் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டு, மழை வருகிறது என்று நினைத்து, துணி நனையுமே என்று எழுந்து ஓடியிருக்கிறேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காய்ந்த காய்கள் உதிர்ந்து அடியில் மெத்தைபோலக் கிடக்கும்.

பிறகு போகி வந்தது.

சாத்திய கதவு

ரோட்டில் எதையும் கொளுத்தாதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ரோட்டை விட்டுவிட்டு எங்கள் சந்துக்குள் கொளுத்தினாள். சுகுணா தள்ளி வைக்கச் சொன்னதற்கு, "பச்ச செடி எங்கனா எரியுமாடி?" என்று கேட்டிருக்கிறாள். மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அன்றைக்குச் சுகுணா சண்டை போடவில்லை. பக்கவாட்டுக் கதவைச் சாத்தினாள். கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து அதற்கு முட்டுக் கொடுத்தாள். பொங்கல் பொங்கியது, எல்லோரும் சாப்பிட்டோம். கதவு திறக்கவில்லை.

"மேஸ்திரிய வரச் சொல்லுங்க" என்றாள் என்னிடம். "அத்த காலுக்கு ரூமு வேணும். இனிமே அங்க என்ன இருக்குது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தூங்கப் போகிறவள் விளக்கை அணைக்கச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் அந்தக் கதவை இனித் திறக்கவே மாட்டாள் என்று எனக்குப் பட்டது. வேலைக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிலிண்டர் என் நெஞ்சுக்கு முட்டுக் கொடுத்து நின்றது.

ரூம் வருவதில் அம்மாவுக்குச் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும், முகத்தில் காணோம். காலையில் துணி அலசிய தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு, வாசல் வழியாகச் சுற்றிப் போய், அந்தச் சாம்பல் மேல் ஊற்றிவிட்டு வருவாள்.

"எதுக்கும்மா சுத்திப் போய் ஊத்துற?"

"சாம்பல் பறந்து துணியில ஒட்டுதுடா."

சாம்பல் அடங்கி ரொம்ப நாளாயிற்று.

மேஸ்திரி பொங்கல் லீவு முடிந்ததும் வருகிறேன் என்றார். ஊருக்குப் போனார், மணல் இல்லை என்றார், மாசியில்தான் வந்தார். அம்மா அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அவர் கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டே போனார். கோடு பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிப் போய், எரிந்த குச்சிகள் நிற்கிற மூலைக்கு வந்ததும் நின்றது.

"இன்னாமா இது, கீர வெதச்சிக்கிறீங்களா?"

கறுப்புச் சாம்பலுக்குள்ளிருந்து கூட்டம் கூட்டமாகப் பச்சை. டிரேயில் நாங்கள் பார்த்த அதே ஊசிமுனை, இப்போது கை நிறைய, கை நிறைய. எரிந்த தூரின் அடியிலிருந்து செம்பு நிறத்தில் ஒரு துளிரும் எட்டிப் பார்த்தது.

அம்மாவால் குனிய முடியாது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றைத் தொட்டாள். விரலை முகர்ந்து பார்த்தாள்.

"சுகுணா!"

உள்ளே பாத்திரச் சத்தம் தொடர்ந்தது.

"ஏ சுகுணா! கதவத் தொறடி!"

சிலிண்டர் உருளும் சத்தம் கேட்டது. கதவு இறுகிப்போயிருந்தது, இரண்டு இழுப்புக்குத்தான் வந்தது. சுகுணா வாசற்படியிலேயே நின்றாள். "அவுனா" கூட வரவில்லை.

மேஸ்திரிக்கு அவசரம். "செவுத்துக் கடக்கால் குழி இதும் மேலதான் வரும். வாரிடட்டுமா?"

அம்மா என் தோளைப் பிடித்து எழுந்தாள். சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று, குதிகாலால் தேய்த்து அழித்தாள்.

"செவுர இப்டி உள்ள தள்ளு மேஸ்திரி."

"உள்ள தள்ளுனா ரெண்டு கட்டில் போட முடியாதும்மா. ஒண்ணுதான்."

"ஒண்ணு போடு."

"வேணாம் அத்த" என்று சுகுணா இறங்கி ஓடி வந்தாள். "ஒரு ஆளு வாடகையில நீங்க எப்டி வேலைய விடுவீங்க? முழுசாக் கட்டுங்க. நான் ரெண்டு செடியத் தொட்டியில எடுத்து வாசல்ல வெச்சிக்கிறேன்."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"தொட்டிய வாசல்ல வெச்சா, கதவத் தொறக்கும்போது அது எப்டிடி உன்னப் பாக்கும்?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன். கோடு திரும்பவும் விழுந்தது, ஒரு கட்டில் அகலம் உள்ளே தள்ளி, கதவுக்கு எதிரே அந்த மூலையை விட்டுவிட்டு.

இப்போது அந்த ஒற்றைக் கட்டில் ரூமில் ஒடிசாக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். அந்த வாடகைக்கு அம்மாவால் அரை வேலையைத்தான் விட முடிந்தது. மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து, முட்டியில் இலை கட்டிக்கொண்டு, வேலியாக நிற்கிற விராலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சில நாள் சுகுணாவும் பக்கத்தில்.

இந்த வருஷப் போகியன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் எதிரே வந்தது. இடுப்பில் சுருட்டிய பழைய பாய், கையில் துடைப்பம். முட்டி வலியோடு சாய்ந்து சாய்ந்து, வீட்டை விட்டு எதிர்த் திசையில், ஏரிக்கரைப் பக்கம்.

"எங்கம்மா போற, இவ்ளோ தூரம் இத எடுத்துக்கினு?"

அம்மா நிற்கக்கூட இல்லை.

"பச்ச செடி எரியும்டா. இவ்ளோ படிச்சிக்கிற, அதுகூடத் தெரியாதா?"